எங்கே கடிக்கிறது?

"சார், வர்ல."

லினக்ஸோ பைத்தானோ, தமிழில் பாடம் நடத்துகிற எந்தக் காணொளியை எடுத்தாலும் பார்த்தவர்கள் கேட்கிற முதல் கேள்வி இதுதான். கேள்விக்குறிகூட இருக்காது. பாடத்தை ரசிக்க ஆயிரம் பேர் உண்டு. இந்த "வர்ல"வுக்கு ஆசிரியர் சொல்கிற பதிலை ரசிக்கிற ஆள் நான். அது தனிக் கலை. நன்றாகப் பாடம் நடத்துகிற எல்லோருக்கும் அது கைவந்துவிடுவதில்லை.

ஓர் எளிய உதாரணம். லினக்ஸின் ஒரு வகையான உபுண்டுவில் டெர்மினலைத் திறந்து, நிர்வாகி அனுமதிக்காகச் சூடோ போட்டு ஒரு கட்டளை கொடுத்தால் பாஸ்வேர்டு கேட்கும். தட்டுகிறோம். பல ஆண்டுகளாக உபுண்டுவில் அந்த இடத்தில் எழுத்தும் விழுந்ததில்லை, புள்ளியும் விழுந்ததில்லை. கணியம்பாடியிலோ பாகாயத்திலோ பொறியியல் முதலாண்டு படிக்கிற பிள்ளை, கீபோர்டு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடும். பிறகு வருகிறது, "சார், வர்ல".

"அது அப்படித்தான் இருக்கும், அடிங்க" என்பது ஒரு வகைப் பதில். தவறில்லை, ஆனால் கேட்டவருக்குப் பயம் போகாது. "வேண்டுமென்றேதான் மறைக்கிறது. பின்னால் நிற்பவர் உங்கள் பாஸ்வேர்டு எத்தனை எழுத்து என்று எண்ணிவிடக் கூடாதே! திரையைப் பார்க்காமல் முழுவதும் அடித்து என்டர் தட்டுங்கள்" என்பது இரண்டாம் வகை. காரணம் தெரிந்ததும் கை நடுங்காது. மூன்றாம் வகை ஆசிரியர் பதிலுக்கு முன் ஒரு கேள்வி கேட்பார்: "நீங்க வச்சிருக்கறது உபுண்டுவா, மிண்டா?" லினக்ஸ் மிண்டில் தட்டத் தட்ட நட்சத்திரக் குறி விழும். மிண்டில் ஒன்றும் விழவில்லை என்றால் கோளாறு வேறு இடத்தில். அந்த ஒரு கேள்வியில் இருக்கிற அனுபவத்தைக் கண்டால் எழுந்து நின்று கைதட்டத் தோன்றும்.

ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் ஷூ தைக்கிறவர்களிடம் "சரியில்லை" என்று சொன்னால் வேலைக்கு ஆகாது. "எங்கே கடிக்கிறது?" என்பார்கள். குதிகாலா, சுண்டுவிரலா என்று தெரிந்தால்தான் கை வைக்க முடியும். நல்ல பதிலும் கடிக்கிற இடத்தைக் கேட்டுத்தான் தொடங்குகிறது: "கடைசியா திரையில வந்த வரியை அப்படியே அனுப்புங்க." பாதி வைத்தியம் அதிலேயே முடிந்துவிடும்.

இந்தக் கேள்வியைத் தனி மனிதரின் திறமைக்கு விட்டுவிடாமல் ஒரு முறையாகவே ஆக்கியது மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுட்டோரியல் திட்டம். பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தொடங்கியது. ஒவ்வொரு காணொளியும் ஏறக்குறைய 10 நிமிடம். திரையின் ஒரு பாதியில் காணொளி, மறு பாதியில் மென்பொருள்; பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டும். தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் குரல் மட்டும் மாறும், திரை அப்படியே இருக்கும். சந்தேகம் வந்தால் எந்தப் பாடம், எத்தனையாவது நிமிடம், எந்த விநாடி என்று குறித்துக் கேட்கலாம். "வர்ல" என்று பொதுவாகச் சொல்ல வேண்டியதில்லை. பதில் சொல்கிறவர் நேராக அந்த விநாடிக்குப் போய் நிற்கிறார்.

அதைவிட எனக்குப் பிடித்தது அவர்களுடைய முன்யோசனை. குரல் பதிவுக்கு முன் பாடத்தின் எழுத்து வடிவத்தை, அந்த மென்பொருளே தெரியாத ஒருவரிடம் கொடுத்துச் செய்யச் சொல்கிறார்கள். அவர் தடுக்கி விழுகிற இடம் திருத்தப்படும். பார்வையாளர் நாளை கேட்கப்போகிற கேள்விக்கு இன்றே பதில் தயார்!

எவ்வளவு செப்பனிட்டாலும் காணொளிக்கு வயசாகும். பைத்தான் 2-இல் பிரிண்ட் என்று எழுதி, அடைப்புக்குறி இல்லாமலே வேலை வாங்கலாம். பைத்தான் 3-இல் அடைப்புக்குறி கட்டாயம். 2020 ஜனவரி 1 முதல் பைத்தான் 2-க்கு ஆதரவு நின்றுபோனது. பழைய பாடத்தைப் பார்த்து எழுதுகிற மாணவிக்குப் பிழைச் செய்திதான் மிச்சம். "தப்பா சொல்லிக் கொடுக்கறீங்க" என்று கோபமாக எழுதுகிறார். இங்கேதான் ஆசிரியரின் பக்குவம் தெரியும். "நீங்க செஞ்சதும் சரிதான், அன்னைக்கு நான் சொன்னதும் சரிதான். இப்ப அடைப்புக்குறி போடுங்க." இரண்டே வரி. யார் முகமும் வாடவில்லை. அதே விளக்கத்தைக் காணொளியின் குறிப்பிலும் சேர்த்துவிட்டால், அடுத்து வருகிறவர் கேட்கவே வேண்டியதில்லை.

கட்டற்ற மென்பொருள் பாடத்தில் இதற்கும் ஒரு படி மேலே போகலாம். 2012 முதல் வெளிவரும் கணியம் மின்னிதழைப் போலவே, இந்த உலகத்தின் பல பாடங்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருகின்றன. ஸ்போக்கன் டுட்டோரியலும் அப்படித்தான். மூலத்தைக் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் யாரும் திருத்தி வெளியிடலாம். மென்பொருளிலேயே பிழை என்றால் அதை உருவாக்குகிறவர்களிடம் நேராகப் புகார் செய்யலாம். ஆகவே கைதேர்ந்த ஆசிரியர், "நீங்க கண்டுபிடிச்சது நிஜமான பிழை. எங்க எழுதணும்னு காட்டறேன், நீங்களே எழுதுங்க" என்பார். குறை சொல்ல வந்தவர் பங்களிப்பாளராகத் திரும்பிப் போகிறார். காசு கொடுத்து வாங்குகிற மென்பொருளின் பாடத்தில் இந்த வாய்ப்பு அபூர்வம்.

எல்லாக் கருத்துக்கும் இவ்வளவு பதில் தேவையில்லை. "சூப்பர் சார்" என்பவருக்கு ஒரு நன்றி போதும். "ஸ்பீடா பேசறீங்க", "எழுத்து பொடியா இருக்கு" என்பவருக்குப் பதிலே எழுத வேண்டாம். அடுத்த காணொளியில் நிதானமாகப் பேசி, டெர்மினல் எழுத்தைப் பெரிதாக்கினால் அதுவே பதில்.

ஆகவே புதிதாகக் கற்க வருகிறவர்களுக்கு என் சிபாரிசு: எந்த ஆசிரியரிடம் உட்காரலாம் என்று முடிவெடுக்கும் முன் அவர் சொன்ன பதில்களைப் படியுங்கள். பாடத்தை ஒத்திகை பார்த்து, வெட்டி ஒட்டி அழகாக்கிவிடலாம். தெரியாத ஒருவர் தப்பும் தவறுமாகக் கேட்ட கேள்விக்கு ஒருவர் எப்படிப் பதில் சொல்கிறார் என்பதில்தான் அவருக்கு விஷயம் எவ்வளவு தெரியும், கேட்பவர்மேல் எவ்வளவு மரியாதை என்கிற இரண்டும் தெரிந்துவிடும்.