எம்ஜிபி: சஸ்பென்ஷன் மேம்பாடும் உதிரிபாகத் தேடலும்

எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் 1962 முதல் 1980 அக்டோபர் வரை இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் தயாரானது. மேற்கூரையைத் திறக்கும் ரோட்ஸ்டரும், 1965-இல் சேர்ந்த நிலையான கூரை கொண்ட ஜிடியுமாக ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் விற்றன. அதன் 1,798 சிசி இன்ஜின் பி-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் அம்பாசிடரில் நெடுங்காலம் ஓடிய 1,489 சிசி இன்ஜினும் அதே குடும்பம்தான். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் இதற்குக் கிடைக்கும் அளவுக்கு உதிரிபாகம் வேறெதற்கும் எளிதில் கிடைப்பதில்லை. சஸ்பென்ஷனை மாற்றுவதற்கான கிட்களும் ஏராளம். எதை மாற்றினால் கார் உண்மையிலேயே நன்றாக ஓடும், எது வெறும் செலவு என்று பிரித்துப் பார்ப்பதுதான் கடினம்.

முன்பக்கத்தின் அமைப்பு தெரியாமல் எந்தக் கிட்டையும் எடைபோட முடியாது. ஒவ்வொரு முன்சக்கரத்துக்கும் ஒரு காயில் ஸ்பிரிங், கீழே ஒரு விஷ்போன், நடுவில் கிங் பின். மேலே தனி விஷ்போன் கிடையாது. அந்த வேலையை ஷாக் அப்சார்பரே செய்கிறது. இது இன்றைய கார்களில் உள்ள குழாய் வடிவ டெலஸ்கோபிக் வகையைச் சேர்ந்ததல்ல. ஆர்ம்ஸ்ட்ராங் நிறுவனம் செய்த லீவர் ஆர்ம் வகை. அலுமினிய உடலுக்குள் பிஸ்டன்கள் எண்ணெயை ஒரு வால்வு வழியாகத் தள்ளுகின்றன. வெளியே நீளும் இரட்டைக் கை கிங் பின்னின் மேல்முனையைப் பிடித்துக்கொள்கிறது. ஆக, இந்த ஷாக் அப்சார்பரின் அச்சு தேய்ந்தால் குலுக்கல் கூடுவதோடு நிற்காது. சக்கரம் நிற்கும் கோணமே மாறும். எண்ணெய் கசியும் லீவர் ஷாக்கோடு ஓடும் எம்ஜிபி வளைவில் தடுமாறுவதற்கு வடிவமைப்பைக் குறை சொல்வது அநியாயம்.

பின்பக்கம் எளிமையானது. ஒரே துண்டான ஆக்சில், அதைத் தாங்கும் இரண்டு பட்டை ஸ்பிரிங்குகள், இரண்டு லீவர் ஷாக்குகள். ரோவர் நிறுவனம் 1990-களின் தொடக்கத்தில் எம்ஜி ஆர்வி8 என்ற பெயரில் இந்தக் காருக்கு மறுபிறவி கொடுத்தது. அப்போது முன்பக்கத்தை டெலஸ்கோபிக் ஷாக்குக்கு மாற்றிய பொறியாளர்கள் பின்பக்கத்தில் பட்டை ஸ்பிரிங்கை விட்டுவைத்தார்கள்.

எந்தப் பாகத்தையும் வாங்குவதற்கு முன் தேய்மானத்தைச் சோதிக்க வேண்டும். காரை ஜாக்கியில் தூக்கி, முன்சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரியும். ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்க மறுபடி ஆட்டும்போது ஆட்டம் மறைந்தால் பழுது வீல் பேரிங்கில். மறையாவிட்டால் கிங் பின்னிலோ அதன் கீழ்ப் பிணைப்பிலோ தேய்மானம். வீல் பேரிங்கில் ஒரு எச்சரிக்கை உண்டு: இரண்டு பேரிங்குகளுக்கு நடுவே ஒரு ஸ்பேசரும் மெல்லிய ஷிம்களும் இருக்கும்; அவற்றைச் சேர்த்தும் குறைத்தும்தான் 0.002 முதல் 0.004 அங்குல இடைவெளியை அமைக்க வேண்டும். வேலையைச் சுருக்க அந்த ஸ்பேசரைத் தூக்கிப் போட்டுவிட்டு நட்டை மட்டும் இறுக்குபவர்கள் இருக்கிறார்கள். அந்தக் குறுக்குவழி வேண்டவே வேண்டாம்.

கிங் பின்னைக் காப்பது கிரீஸ். ஒவ்வொரு பக்கமும் மூன்று நிப்பிள்கள் உண்டு. ஏறத்தாழ 3,000 மைலுக்கு ஒருமுறை அவற்றில் கிரீஸ் அடிக்க வேண்டும். சக்கரம் தரையில் அழுந்தியிருக்கும்போது அடித்தால் பாரம் தாங்கும் முகங்களுக்குள் கிரீஸ் சரியாகப் போகாது. காரைத் தூக்கி, பாரத்தை விடுவித்து அடிப்பதே முறை. தேய்ந்த பின்னுக்குப் புதிய புஷ் போட்டால் ரீமர் கொண்டு ஒரே நேர்கோட்டில் கடைந்தெடுக்க வேண்டும். அந்தக் கருவி இல்லாதவர்கள் பழையதைக் கொடுத்துவிட்டு, முழுதாகச் சீரமைத்த ஜோடியை மாற்றாக வாங்குவது மேல்.

அடுத்து புஷ். விஷ்போன் உள்முனையில் தொழிற்சாலை போட்ட சாதாரண ரப்பர் புஷ்கள் சீக்கிரம் நசுங்கிப் பிதுங்கும். 1973-இல் வந்த எம்ஜிபி ஜிடி வி8 காருக்கு, உலோக உறைக்குள் ரப்பர் பிடித்த உறுதியான புஷ் கொடுக்கப்பட்டது. அது நான்கு சிலிண்டர் காரின் விஷ்போனிலும் அப்படியே பொருந்தும். இந்தக் காருக்குச் செய்யும் செலவுகளில் இதைவிடப் பலன் தருவது வேறில்லை. விலை குறைவு, சத்தம் இல்லை, ஸ்டீயரிங் திருப்பியதும் கார் தயங்காமல் திரும்பும். பாலியூரித்தேன் புஷ் இன்னும் இறுக்கமானது. ஆனால் அதற்குரிய கிரீஸ் தடவாவிட்டால் கிறீச்சிடும், மேடுபள்ளத்தின் அதிர்வையும் உள்ளே கடத்தும். பந்தயத்துக்குப் போகாத காரில் அது தேவையில்லை. ரப்பர் புஷ் எதுவானாலும், கார் தன் முழு எடையோடு சக்கரங்களில் நிற்கும்போதுதான் போல்ட்டைக் கடைசியாக இறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், கார் இறங்கியதும் ரப்பர் முறுக்கியே நின்று சீக்கிரம் கிழியும்.

அதிகம் விளம்பரமாவது டெலஸ்கோபிக் ஷாக் கிட். பின்பக்கத்தில் இதைப் பொருத்துவது எளிது, பலனும் உண்டு. நல்ல தரமானதாக இருந்தால் பள்ளங்களில் ஆக்சில் துள்ளுவது அடங்கும். மலிவான கிட்களில் பிராக்கெட் வளைவதும், ஷாக் அளவுக்கு மீறி விறைப்பாக இருப்பதும் சகஜம். விறைப்பான ஷாக் பழைய பட்டை ஸ்பிரிங்கோடு சேர்ந்தால் முதுகு நோகும் சவாரிதான் மிஞ்சும்.

முன்பக்கக் கிட்டை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். இவற்றில் எளியவை, பழைய லீவர் ஷாக்கின் உடலை அப்படியே விட்டு அதன் வால்வை மட்டும் செயலிழக்கச் செய்கின்றன. குலுக்கலைத் தாங்கும் வேலை பக்கத்தில் பூட்டும் டெலஸ்கோபிக் ஷாக்குக்குப் போகிறது. மேல் விஷ்போனாக இருப்பதோ இன்னமும் அந்தப் பழைய லீவர்தான். அதன் அச்சு தேய்ந்திருந்தால் புதுக் கிட் போட்ட பிறகும் ஆட்டம் அப்படியே இருக்கும். லீவர் உடலையே அகற்றி, தனி மேல் விஷ்போனும் ஸ்பிரிங் சுற்றிய ஷாக்கும் தரும் முழு மாற்றுக் கிட்கள் இந்தக் குறையைத் தீர்க்கின்றன. கோணங்களையும் விரும்பியபடி அமைத்துக்கொள்ளலாம். ஆனால் அவை பல மடங்கு விலை, காரின் அசல் தன்மையையும் மாற்றிவிடும்.

இவற்றுக்கு நடுவே, அவ்வளவாக விளம்பரமாகாத வழி ஒன்று இருக்கிறது. லீவர் ஷாக்கை முறையாகச் சீரமைக்கும் பட்டறைகள் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் உள்ளன. அவை தேய்ந்த அச்சுத் துளையைக் கடைந்து புதிய பேரிங் புஷ் போட்டு, சீலை மாற்றி, கேட்டால் வால்வையும் சற்று இறுக்கமாக அமைத்துத் தருகின்றன. அசல் தயாரிப்பில் அச்சு நேரடியாக அலுமினிய உடலில் சுழன்றதால், சீரமைத்தது சில வேளை புதியதைவிட நீடிக்கும். வெறும் பெயின்ட் அடித்து, எண்ணெய் நிரப்பி ‘சீரமைத்தது’ என்று விற்பவையும் சந்தையில் இருக்கின்றன. வாங்கும்போது உள்ளே என்ன புஷ் போட்டார்கள் என்று கேட்க வேண்டும். பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்கக் கூடாது.

காரின் உயரம் தனிக் கதை. 1974-இன் பிற்பகுதியில் அமெரிக்க விதிகளுக்காகக் கறுப்பு ரப்பர் பம்பர் வந்தபோது, விளக்குகளின் உயரத்தைக் கூட்டக் காரையே ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் தூக்கிவிட்டார்கள். சிக்கனத்துக்காக முன்பக்க ஆன்டி-ரோல் பாரையும் எடுத்தார்கள். வளைவில் கப்பல்போல் சாயும் எம்ஜிபி என்ற கெட்ட பெயர் இந்தக் கார்களால் வந்தது. 1977 மாடலில் முன்னும் பின்னும் பார் வைத்து ஓரளவு சரிசெய்தார்கள். ஆகவே 1975, 76 கார் வைத்திருப்பவர் கட்டாயம் வாங்க வேண்டியது முன்பக்க ஆன்டி-ரோல் பார். விஷ்போன் கையில் அதற்கான துளை இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். முன்பக்கம் இல்லாமல் பின்பக்கம் மட்டும் பார் போடுவது ஆபத்து. ஈரச் சாலையில் பின்பகுதி வழுக்கித் திரும்பும்.

காரைத் தாழ்த்துவதில் அடக்கம் தேவை. முன்பக்கம் குட்டையான ஸ்பிரிங், பின்பக்கம் ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே அலுமினியக் கட்டை என்பது வழக்கமான முறை. அளவுக்கு மீறித் தாழ்த்தினால் விஷ்போனின் சாய்வும் ஸ்டீயரிங் கம்பியின் சாய்வும் ஒத்துப்போகாமல், பள்ளத்தில் இறங்கும்போது சக்கரம் தானாகத் திரும்பும். முன் ஸ்பிரிங்கைக் கழற்றும்போது, ஸ்பிரிங் தட்டைப் பிடிக்கும் போல்ட்களில் எதிரெதிர் மூலையில் உள்ள இரண்டை நீளமான போல்ட்களாக மாற்றி, ஜாக்கியையும் கீழே கொடுத்து மெல்ல மெல்ல இறக்க வேண்டும். அழுந்தியிருக்கும் ஸ்பிரிங் திடீரென விடுபட்டால் உயிரையே பறிக்கும்.

உதிரிபாகத் தேடலைச் சேஸிஸ் எண்ணிலிருந்து தொடங்க வேண்டும். பெரும்பாலான ரோட்ஸ்டர்களின் எண் ஜிஹெச்என் 3, 4, 5 என்ற குறியீடுகளில் ஏதேனும் ஒன்றோடு தொடங்கும், ஜிடிக்கு ஜிஹெச்டி. ஆண்டை மட்டும் சொல்லிக் கேட்டால் தவறான பாகம் வந்து சேரும். தொடக்ககால ரோட்ஸ்டரில் பாஞ்சோ வகை ஆக்சில், பின்னர் குழாய் வகை. எது என்று பார்க்காமல் யூ-போல்ட் ஆர்டர் செய்யக் கூடாது. கம்பி ஆரச் சக்கரம் கொண்ட காரா, இரும்புச் சக்கரமா என்பதையும் குறிப்பிட வேண்டும். மரைகள் பெரும்பாலும் யுஎன்எஃப் அங்குல வகை. உள்ளூர் கடையின் மெட்ரிக் போல்ட்டை வலுக்கட்டாயமாக ஏற்றினால் மரையே போய்விடும்.

பாகங்கள் இன்றும் கிடைப்பதற்கு இரண்டு காரணங்கள். எம்ஜிபிகளில் பெரும்பங்கு அமெரிக்காவுக்குப் போனது. 1948-இல் அங்கே ஆல் மாஸ் தொடங்கிய மாஸ் மோட்டார்ஸ் போன்ற கடைகள் அந்தச் சந்தையில் வளர்ந்தன. பிரிட்டனில் 1975-இல் தொடங்கிய பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ், பழைய அச்சுக் கருவிகளைத் தேடிச் சேர்த்து, 1988-இல் எம்ஜிபியின் முழு பாடி ஷெல்லையே புதிதாக அடித்துக் கொடுத்தது. 1930-இல் பிறந்த எம்ஜி கார் கிளப்பும், 1973-இல் வந்த எம்ஜி ஓனர்ஸ் கிளப்பும், எந்தக் கடையின் எந்தப் பாகம் தரம் தாழ்ந்திருக்கிறது என்பதை உறுப்பினர்களிடமிருந்து அறிய உதவுகின்றன. புதிய பட்டை ஸ்பிரிங் போட்டபின் பின்பகுதி தூக்கிக்கொண்டு நிற்பதும், புதிய ரப்பர் ஓரிரு ஆண்டில் வெடிப்பதும் அடிக்கடி கேட்கும் குறைகள். பழைய பாகம் நல்ல எஃகாக இருந்தால், புதியது சரியாகப் பொருந்தும்வரை அதை எறியக் கூடாது.

சாலையில் ஓட்டும் எம்ஜிபிக்கு முறையாகச் சீரமைத்த லீவர் ஷாக், வி8 புஷ், ஆட்டமில்லாத கிங் பின், முன்பக்க ஆன்டி-ரோல் பார், நல்ல டயர், கடைசியில் ஒரு வீல் அலைன்மென்ட் என்ற வரிசையில் செலவிடுவதே சரி. பின்பக்க டெலஸ்கோபிக் கிட்டை அதன்பிறகு யோசிக்கலாம். முன்பக்க முழு மாற்றுக் கிட், பந்தயத் தடத்துக்கு அடிக்கடி போகும் காருக்கு மட்டுமே தகும்.