கண்ணகி கத்துகிறாளா, வழக்குரைக்கிறாளா?

கண்டியிலிருந்து வத்தேகாமம், பன்விலை வழியாக மலையேறினால் மடுல்கெல்ல. நக்கிள்ஸ் மலைச்சாரலில் தேயிலைக்கு நடுவே இருக்கும் ஊர். தமிழ்மொழித் தினப் போட்டிகள் நெருங்கிவிட்டால் இதுபோன்ற மலையக ஊர்களின் பாடசாலைகளில் வகுப்பு முடிந்த பின்னும் குரல்கள் கேட்கும். கல்வி அமைச்சு நடத்தும் இந்தப் போட்டிகளில் பாவோதல், பேச்சு, நாட்டுக்கூத்து ஆகியவற்றோடு இலக்கிய நாடகமும் உண்டு. பாடசாலை, கோட்டம், வலயம், மாகாணம் என்று படியேறி அகில இலங்கை மட்டம் வரை போகலாம். இலக்கிய நாடகம் என்றதும் மாணவர் விரும்பி எடுக்கும் காட்சிகளில் ஒன்று, சிலப்பதிகாரத்தின் இருபதாம் காதையான வழக்குரை காதை. போட்டியின் நிறைகுறை இரண்டையும் அந்த ஒரு காட்சியிலேயே பார்த்துவிடலாம்.

முதலில் நிறை. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான். அதற்கு முன் பல தோட்டங்களில் ஆரம்ப வகுப்புகளோடு படிப்பு நின்றுபோனது. அந்தத் தலைமுறையின் பேரப்பிள்ளை இன்று மேடையேறி, கண்ணகியாகப் பாண்டியன் அவையில் நின்று நீதி கேட்கிறாள். இது சிறிய காரியமல்ல. பரீட்சைக்குப் படித்த செய்யுள் பரீட்சையோடு போய்விடும். வாய்விட்டு ஓதிப் பழகிய செய்யுள் ஆயுளுக்கும் கூடவே வரும். வகுப்பில் பெயர் கூப்பிட்டாலே தலைகுனியும் பிள்ளை நூறு பேருக்கு முன் நிமிர்ந்து நிற்கப் பழகுவதும் இங்கேதான். கண்டிப் பிள்ளைகளுக்கு இன்னொரு கொடுப்பினையும் உண்டு. தலதா மாளிகைக்கு அருகிலுள்ள பத்தினி தேவாலயத்தில் சிங்கள மக்கள் வழிபடும் தெய்வம், தாம் வேடமேற்கும் அதே கண்ணகிதான் என்று அறியும்போது காப்பியம் அவர்களுக்குச் சொந்த ஊர்க் கதையாகிறது.

இனிக் குறை. பெரும்பாலான மேடைகளில் கண்ணகி முதற்சொல்லிலிருந்தே கத்துகிறாள். கூந்தல் விரிந்திருக்கிறது, கை உயர்ந்திருக்கிறது, ஒலிவாங்கி அலறுகிறது. ஆனால் இளங்கோவின் கண்ணகி அங்கே செய்வது வழக்குரைத்தல். மன்னனைக் கடிந்து விளித்ததும், புறாவுக்காகத் தன்னையே தந்த சிபியையும் கன்றிழந்த பசுவுக்காக மகனைப் பலியிட்ட சோழனையும் சொல்லி, நீதி தவறாத ஊர் தன் ஊர் என நிறுவுகிறாள். பிறகு கணவனின் குலம், அவன் மதுரைக்கு வந்த காரணம், அவன் கொலையுண்டது, கடைசியாகத் தன் பெயர். கள்வனைக் கொல்வது அரசநீதியே என்று பாண்டியன் சொன்னதும் அவள் சான்றை வைக்கிறாள்: தன் சிலம்பின் பரல் மாணிக்கம். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்கிறான் அவன். அந்த ஒரு விடையில் வழக்கு முடிந்துவிடுகிறது. சிலம்பு உடையுமுன் அவையில் ஒரு கணம் மௌனம் விழ வேண்டும். தொடக்கத்திலேயே உச்சத்தில் நின்ற குரலால் அந்த மௌனத்தைக் கொண்டுவர முடியாது.

இன்னொரு பிழை நுட்பமானது. இந்தக் காதை அமைந்த அகவற்பாவில் பொருள் ஓரடியில் முடியாமல் அடுத்த அடிக்கு ஓடும். பாடநூலில் அடி முடியும் இடமெல்லாம் பிள்ளை மூச்சுவிட்டால் எழுவாய் ஓரிடத்திலும் பயனிலை வேறிடத்திலும் அறுந்து நிற்கும். பொருள் பிடிபடவில்லை என்பதை அந்த மூச்சே காட்டிக்கொடுத்துவிடும். பயிற்றுவித்த ஆசிரியரின் ஏற்ற இறக்கத்தை அப்படியே ஒப்பிக்கும் பிள்ளைக்குப் பரிசு கிடைக்கலாம், கண்ணகி கிடைக்கமாட்டாள். முதலிடம் பெற்றவர் அடுத்த மட்டத்துக்குப் போக, மற்றவர்கள் எங்கே தவறினோம் என்று தெரியாமலே பேருந்து ஏறுகிறார்கள்.

இதற்கு மருந்து தேடித் தொலைவு போக வேண்டியதில்லை. கண்டிக்குப் பக்கத்திலுள்ள பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்து மரபை மாணவர்களோடு சேர்ந்து நவீன மேடைக்குக் கொண்டுவந்தார். 1962இல் கர்ணன் போர், 1964இல் இராவணேசன். அங்கே சொல் ஆட்டத்தோடும் தாளத்தோடும் சேர்ந்து உடம்பில் ஏறியது. தோட்டங்களில் மாசி மாதத்துக் காமன் கூத்தில் மதன் எரிந்தபின் ரதி புலம்புவதைக் கேட்டு வளரும் பிள்ளைக்கு, துயரம் எந்த இடத்தில் தாழ்ந்து எந்த இடத்தில் வெடிக்கும் என்று புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தச் செவியைப் போட்டி மேடைக்கு வெளியே கழற்றி வைக்கச் சொல்லாதிருந்தால் போதும்.

நடுவர்கள் செய்யக்கூடியவையும் எளியவைதான். ஓதி முடித்த பிள்ளையிடம், இந்த இடத்தில் கண்ணகி என்ன கேட்கிறாள் என்று வினவி, வீட்டுத் தமிழில் வரும் விடைக்கும் புள்ளி தரலாம். தோற்ற ஒவ்வொருவருக்கும் இரண்டு வரி எழுதிக் கொடுக்கலாம்.

இந்தப் போட்டியை நிறுத்தச் சொல்பவன் அல்ல நான். இது இன்னும் ஆழமாக நடக்க வேண்டும் என்றே விரும்புகிறேன். தாம் குடியிருக்கும் லயத்துக்கு உறுதிப்பத்திரம் கேட்டும் குறைந்த சம்பளத்துக்குக் கணக்குக் கேட்டும் அலுவலக மேசைகளின் முன் நிற்கப்போகும் பிள்ளைகள் இவர்கள். ஊரைச் சொல்லி, பெயரைச் சொல்லி, சான்றை எடுத்து வைத்து, எதிரில் இருப்பவர் விடை சொல்லும்வரை காத்து நிற்கும் அந்தப் பெண்ணின் நிதானம் அவர்களுக்கு அப்போது வேண்டும். பதினைந்து வயதில் அதைப் பழகிக்கொள்ள வழக்குரை காதையைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.