சனிக்கிழமை வீடு

சுஸுகி எவ்ரி என்ற ஜப்பானியச் சரக்கு வேனின் பின்கதவைத் தூக்கி உள்ளே பார்த்தால் முதலில் ஒன்றுமே தெரியாது. வண்ணம் பூசிய தகரம், தட்டையான தரை, இருபுறமும் சக்கரத்துக்கு மேல் எழும் மேடு, அவ்வளவுதான். கொஞ்சம் நின்று பார்த்தால் பக்கச் சுவர்களில் அங்கங்கே சின்னச் சின்னத் துளைகள் கண்ணில் படும். ஒவ்வொன்றின் பின்னாலும் மரை வெட்டிய நட் ஒன்று பதிந்திருக்கிறது. 6 மில்லிமீட்டர் போல்ட் அதில் கச்சிதமாக ஏறும். கடைக்காரர் அலமாரி மாட்டிக்கொள்ளவும், மின்பணியாளர் குழாய்களைத் தொங்கவிட்டுக்கொள்ளவும் தொழிற்சாலையே போட்டுக் கொடுத்த வசதி இது. அந்தத் துளைகளில்தான் ஜப்பானில் பலருடைய சனிக்கிழமை வீடு தொங்கிக்கொண்டிருக்கிறது. இருபுறமும் ஒவ்வொரு சட்டம், குறுக்கே நாலைந்து பலகை, மேலே மெத்தை. காலையில் தொடங்கினால் மாலைக்குள் கட்டில் தயார். ஞாயிறு இரவு போல்ட்டுகளைக் கழற்றிவிட்டால் திங்கட்கிழமை வண்டி சரக்கு ஏற்றப் போய்விடும்.

வேனைத் தங்கும் வண்டியாக, அதாவது கேம்பராக, மாற்றும் வேலை இப்போது உலகெங்கும் பெருகிவிட்டது. ஷவர், பளிங்கு போன்ற மேடை, மரம் இழைத்த கூரை என்று அடுக்குமாடிக் குடியிருப்பையே வண்டிக்குள் இறக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவற்றின் கைநேர்த்தியில் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்தக் கலையின் அழகு எளிய வண்டியில்தான் முழுதாகத் தெரிகிறது. அங்கே ஒவ்வொரு பலகையும் இரண்டு வேலையாவது பார்த்தாக வேண்டும். பகலில் சாய்மானமாக இருப்பது இரவில் தலைமாடு ஆக வேண்டும். பெட்டியின் மூடியே காய் நறுக்கும் பலகை ஆக வேண்டும். எதை வைப்பது என்பதைவிட எதை விட்டுவிடுவது என்று தெரிந்த கைதான் இதில் தேர்ந்த கை.

இந்த எண்ணம் புதிதல்ல. 1947 ஏப்ரல் 23 அன்று பென் பொன் என்ற டச்சு வணிகர் தன் குறிப்பேட்டில் ஒரு பெட்டி வண்டியைக் கோட்டுச்சித்திரமாக வரைந்தார். ஜெர்மனியின் வொல்ஃப்ஸ்பர்க் ஃபோக்ஸ்வாகன் தொழிற்சாலைக்குள் உதிரிபாகங்களை இழுத்துத் திரிந்த ஒரு தட்டு வண்டி அவர் கண்ணில் பட்டிருந்தது. பீட்டில் காரின் அடிச்சட்டத்தில் கட்டியது அது. ஓட்டுநர் பின்னால் உட்கார்ந்து ஓட்டுவார். அப்படியொரு வண்டியை நெதர்லாந்தின் சாலையில் விட அனுமதி கிடைக்காது என்பதால், ஓட்டுநரை முன்னால் வைத்து, எஞ்சினைப் பின்னாலேயே விட்டு, நடுவில் முழுக்கச் சரக்கு என்று பொன் வரைந்தார். அந்தத் தாள் இன்று ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ்மியூசியத்தில் இருக்கிறது. 1950 மார்ச்சில் அந்த வண்டியின் உற்பத்தி தொடங்கியது. தட்டையான மூக்கும் 25 குதிரைத்திறன் எஞ்சினும் கொண்ட அந்த வேன்தான் பிறகு உலகமே அறிந்த ஃபோக்ஸ்வாகன் பஸ் ஆனது.

வீடன்ப்ரூக் ஊரின் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் அடுத்த ஆண்டே அதற்குள் கட்டில் போடத் தொடங்கிவிட்டது. 1844-இல் கொல்லுப்பட்டறையாகத் தொடங்கி, குதிரை வண்டிகள் செய்து வளர்ந்த நிறுவனம் அது. அவர்கள் செய்த ஒன்றுக்கு 'கேம்பிங் பாக்ஸ்' என்று பெயர். பெயருக்கேற்றபடி அது ஒரு பெட்டிதான். முன்சீட்டுக்குப் பின்னால் தூக்கி வைத்தால் பகலில் உட்காரும் இருக்கை, விரித்தால் இரவில் படுக்கை. போர்வைகளுக்கு உள்ளே இடம், சின்ன அடுப்புக்கு ஒரு மூலை. விடுமுறை முடிந்ததும் பெட்டியை இறக்கி வீட்டின் ஒரு மூலையில் வைத்துவிட்டு வண்டியைக் கடைக்கு எடுத்துக்கொண்டு போகலாம். போர் முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த நாட்டில், ஒரு சிறு வியாபாரிக்கு ஒரே வண்டிதான் கட்டுப்படியாகும். அந்த ஒரே வண்டி வாரம் முழுக்கச் சம்பாதித்துக் கொடுத்து, வார இறுதியில் குடும்பத்தை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போக வேண்டும். பிற்காலத்தில் தூக்கும் கூரை, உள்ளேயே கட்டிய அலமாரி என்று வெஸ்ட்ஃபாலியா எவ்வளவோ செய்தது. இருந்தாலும் அந்தப் பழைய கழற்றும் பெட்டிக்கு இணையான புத்திசாலித்தனம் அவை எதிலும் இல்லை.

கட்டிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எளிய கேம்பரில் கட்டில்தான் வீடு, மற்றதெல்லாம் அதன் அடியிலும் ஓரத்திலும் ஒதுங்கிக்கொள்பவை. இருப்பதிலேயே அழகானது இழுக்கும் கட்டில். சரிசமமாக அறுத்த ரீப்பர்களை இரண்டு கூட்டமாகப் பிரித்துக்கொள்வார்கள். ஒரு கூட்டத்தைச் சுவரோரச் சட்டத்தில் திருகிவிட்டு, மறு கூட்டத்தை நகரும் சட்டத்தில் திருகுவார்கள். இரண்டையும் சேர்த்து வைத்தால் இரு கைவிரல்களைக் கோத்ததுபோல் ஒன்றின் இடைவெளியில் மற்றது உட்கார்ந்து, ஒருவர் அமரும் அகலத்தில் பெஞ்சாகிவிடும். இழுத்தால் ரீப்பர்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டே விலகி இரட்டிப்பு அகலத்துக்கு வரும். இதில் மரத்துக்கு மரம் விட வேண்டிய இடைவெளி இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். குறைத்துவிட்டால் ஈரம் ஏறிய காலத்தில் மரம் உப்பி, பிடித்துக்கொண்டு வராது. கூட்டிவிட்டால் வண்டி ஓடும்போதெல்லாம் கடகடக்கும். ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து, மெழுகுத் துண்டை ஒருமுறை இழுத்துவிட்ட கட்டில் ஒற்றைக் கையால் இழுத்தாலே வழுக்கிக்கொண்டு வரும். முதல்முறை அது அப்படி வரும்போது செய்தவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

படுக்கையின் உயரமும் அப்படித்தான். அடியில் சாமான் நிறைய வைக்கலாம் என்று கட்டிலை உயர்த்திக்கொண்டே போனால் எழுந்து உட்காரும்போது தலை கூரையில் இடிக்கும். மெத்தைக்கு மேல் 90 சென்டிமீட்டராவது இல்லாத வண்டியில் மழை நாளைக் கழிப்பது கடினம். படுத்தபடியே எத்தனை மணி நேரம் இருக்க முடியும்? ஐரோப்பாவில் ஃபியட் டுகாட்டோ வேனைத் தேடித் தேடி வாங்குவதற்கும் ஓர் அளவுதான் காரணம். அதன் உள்ளகலம் 1.87 மீட்டர். சராசரி உயரம் உள்ளவர் அதில் குறுக்கே படுத்துவிடலாம். குறுக்கே படுத்தால் நீளவாக்கில் அரை மீட்டருக்கு மேல் மிச்சமாகும், அந்த இடத்தில் ஒரு சமையல் மேடையே வந்துவிடும்.

வீட்டு மரவேலை தெரிந்த தச்சர் வேனுக்குள் வந்தால் முதல் நாள் திணறித்தான் போவார். அங்கே நேர்கோடு கிடையாது. சுவர் மேலே போகப்போக உள்ளே சாய்கிறது, தரையில் வரிவரியாக மேடு பள்ளம், கூரை வில் போல் வளைகிறது. ரசமட்டமும் பயன்படாது, ஏனென்றால் வண்டி நிற்கும் தரையே சரிந்திருக்கலாம். வண்டியின் தரையை ஆதாரமாகக் கொண்டு அளந்துகொண்டே போக வேண்டியதுதான். இதற்குக் கைகண்ட மருந்து அட்டைப்பெட்டி. ஃப்ரிட்ஜ் வந்த பெட்டியின் அட்டையைச் சுவரோரம் நிறுத்தி, காம்பஸின் முள்முனையைத் தகரத்தின் மேலும் பென்சில் முனையை அட்டையின் மேலும் வைத்து மேலிருந்து கீழே ஓட்டினால் சுவரின் வளைவு அப்படியே அட்டையில் இறங்கிவிடும். வெட்டி, வைத்துப் பார்த்து, இடிக்கும் இடத்தைச் சீவி, இடைவெளி விட்ட இடத்தில் டேப் ஒட்டி, மூன்றாம் முறை சரியாக உட்கார்ந்த பிறகுதான் அதை ப்ளைவுட்டின் மேல் வைத்துக் கோடு போட வேண்டும். நல்ல கேம்பரைப் பார்க்கும்போது பலகை தகரத்தைச் சந்திக்கும் அந்த ஓரத்தைத்தான் பார்க்க வேண்டும். அங்கே தாள் நுழையும் அளவுக்கு இடைவெளி ஒரே சீராக ஓடினால், செய்தவர் அவசரப்படவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

எடைக் கணக்கு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பயணம் முழுக்கக் கூடவே வரும். 18 மில்லிமீட்டர் பர்ச் ப்ளைவுட், எட்டடிக்கு நாலடித் தாள் ஒன்று, ஏறத்தாழ 36 கிலோ. அதே அளவு பாப்லர் ப்ளைவுட் 24 கிலோவுக்குள் அடங்கும். ஐந்து தாள் என்றால் வித்தியாசம் ஓர் ஆளின் எடை. ஐரோப்பாவில் சாதாரண ஓட்டுநர் உரிமத்தோடு ஓட்டக்கூடிய வேனின் மொத்த எடை பொதுவாக 3,500 கிலோ வரைதான். ஜப்பானின் குட்டி வேன்களுக்கோ சரக்கு எல்லையே 350 கிலோதான். அதனால்தான் தேர்ந்தவர்கள் வலு தேவைப்படும் இடத்தில் மட்டும் தடித்த பலகை போட்டு, மற்ற இடங்களில் மெல்லிய பலகையில் வட்ட வட்டமாகத் துளையிட்டு எடையைக் குறைக்கிறார்கள். அந்தத் துளையே கதவைத் திறக்கும் கைப்பிடியாகவும், உள்ளே காற்று போகும் வழியாகவும் ஆகிவிடுகிறது.

காற்று என்றதும் முக்கியமான ஒன்று. வேனில் தூங்கும் இரண்டு பேர் மூச்சிலும் வியர்வையிலுமாக ஓர் இரவில் அரை லிட்டர் அளவுக்கு ஈரத்தை வெளியே விடுகிறார்கள். குளிர்ந்த தகரத்தில் அது நீராகப் படிந்து, பலகைக்குப் பின்னால் வழிந்து, கண்ணுக்குத் தெரியாத மூலையில் துருவைத் தொடங்கிவைக்கும். ஜெர்மனியில் பலர் ஆர்மாஃப்ளெக்ஸ் என்ற கறுப்பு நுரைத்தாளை இண்டு இடுக்கு விடாமல் தகரத்தோடு ஒட்டுகிறார்கள். ஈரக்காற்று தகரத்தைத் தொடாமல் செய்வதே நோக்கம். ஆனால் எதை ஒட்டினாலும், கீழே ஒரு காற்று வழியும் மேலே ஒரு காற்று வழியும் இல்லாவிட்டால் பயன் இல்லை. ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்துவைத்து, மழை உள்ளே வராமல் மேலே ஒரு மறைப்பு மாட்டுவது இந்தக் கலையிலேயே மலிவான, மிகப் பெரிய வசதி.

மின்சாரத்தில் ரசிக்க அதிகம் இல்லை. 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்று, வண்டி ஓடும்போதே அதற்குச் சார்ஜ் ஏற்றும் ஒரு கருவி, ஒவ்வொரு கம்பிக்கும் ஃப்யூஸ். வார இறுதிக்கு இதுவே தாராளம். வாயு அடுப்பு வைக்கிறவர்கள் பியூட்டேன் உறைபனிக் குளிரில் ஆவியாகாது என்பதையும், கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இல்லாமல் மூடிய வண்டிக்குள் அடுப்பு பற்றவைக்கக் கூடாது என்பதையும் மறக்கக் கூடாது.

'நோமேட்லேண்ட்' படம் பார்த்தவர்களுக்கு அதன் நாயகி ஃபெர்னின் வெள்ளை வேன் நினைவிருக்கும். 2021-இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பெற்ற அந்தப் படத்தில், ஃபெர்ன் தன் வண்டியைப் பிறருக்குச் சுற்றிக் காட்டும் ஒரு காட்சி வருகிறது. இறந்துபோன கணவனின் மீன்பிடிப் பெட்டியை அவள் அலமாரியில் பொருத்தியிருப்பாள். அதன் மூடி திறந்து நிற்கும்படி ஒரு கொக்கி போட்டிருப்பாள், மேடைக்கு இடம் போதாதபோது அந்த மூடியே மேடை. வேலையும் ஊரும் போனபின் வேனே வீடாகிப்போனவள் அவள். அந்தக் கொக்கியில் ஒரு கைவேலைக்காரியின் கணக்கும் ஒரு மனைவியின் நினைவும் சேர்ந்தே இருக்கின்றன. பொருளை வீணாக்காத அந்தக் கைதான் இந்தக் கலையின் உயிர்.

மறுபடி ஜப்பானுக்கே வரலாம். எளிமையை அங்கே சட்டமே வளர்த்தது. குட்டி வண்டிகளுக்கு அங்கே கேய் என்று பெயர். நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், உயரம் 2 மீட்டர், எஞ்சின் 660 சிசி. இதற்கு மேல் போகக் கூடாது. உள்ளே கிடைப்பது ஆறடிக்குச் சற்று மேல் நீளமும் நாலடி உயரமும்தான். வண்டியைக் கேம்பிங் காராகப் பதிவு செய்ய வேண்டுமானால் படுக்கை, தண்ணீர், சமையல் வசதி எல்லாம் நிலையாக இருந்தாக வேண்டும். கழற்றி இறக்கக்கூடிய பலகைகளோ வெறும் சரக்குக் கணக்கில் வந்துவிடுகின்றன. ஆகவே சட்டமும் இடமும் சேர்ந்து மக்களைக் கழற்றும் கட்டிலின் பக்கமே தள்ளின. 2018-இல் வந்த ஹோண்டா என்-வேன் ஒரு படி மேலே போய், பக்கத்து இருக்கையையே தரையோடு தரையாக மடங்கவைத்தது. அந்தப் பக்கம் மட்டும் நீளம் 2.6 மீட்டரைத் தாண்டுகிறது. ஒருவர் கால் நீட்டிப் படுத்து, தலைமாட்டில் ஒரு மேசையும் போட்டுக்கொள்ளலாம். வண்டியில் தங்கிப் போவதற்கென்றே 'ஷாச்சூஹாக்கு' என்ற சொல் ஜப்பானிய மொழியில் இருக்கிறது. நெடுஞ்சாலையோரம் 'மிச்சி நோ எக்கி' என்ற சாலை நிலையங்கள் 1993-இல் 103 இடங்களில் தொடங்கி, இப்போது 1,200-ஐத் தாண்டிவிட்டன. அங்கே களைப்புக்குக் கண்ணயரலாம், தங்குவதற்கென்றே பயன்படுத்த வேண்டாம் என்பது அரசின் வேண்டுகோள். அந்த மரியாதை தெரிந்தவர்கள் இரவில் வந்து, சத்தமில்லாமல் களைப்பு தீரக் கண்ணயர்ந்து, காலையில் உள்ளூர்க் காய்கறி வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

நம் தெருக்களில் பள்ளிப் பிள்ளைகளையும் பால் கேன்களையும் சுமந்த மாருதி ஓம்னி, இந்த ஜப்பானிய வேன்களின் நேர் உறவுதான். சுஸுகி கேரி என்ற கேய் வண்டியை வைத்து 1984-இல் இங்கே வந்த அது, 2019 வரை விற்பனையில் இருந்தது. எவ்ரியும் அதே கேரி குடும்பம். பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறிப்போகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. ஆகவே இங்கே ஆசைப்படுகிறவர்களுக்கும் கழற்றும் கட்டிலே பொருத்தம். பழைய ஓம்னியோ மாருதி ஈக்கோ வேனோ வாசலில் வைத்திருக்கிறவர்கள் பலகை வாங்கப் போவதற்கு முன் ஓர் இரவு அந்த வெறும் வண்டிக்குள் பாய் விரித்துப் படுத்துப் பாருங்கள். தலை எந்தப் பக்கம், தண்ணீர் எந்தப் பக்கம், எந்த ஜன்னலில் காற்று வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். காலையில் எழுந்ததும் ஓர் அட்டைப்பெட்டியும் காம்பஸும் எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கலாம்.