எழுதப்படாத படிவம்

லண்டன் கட்விக் விமான நிலையத்தை ஒட்டியிருக்கிறது புரூக் ஹவுஸ் குடிவரவுத் தடுப்பு நிலையம். அங்கு நடந்த வன்முறையை 2017இல் பிபிசியின் 'பனோரமா' மறைத்துவைத்த கமெராவில் பதிந்து ஒளிபரப்பியது. அதுபற்றி விசாரித்த கேற் ஈவ்ஸ் 2023 செப்ரெம்பரில் மூன்று தொகுதிகளாக அறிக்கை வெளியிட்டார். ஐந்து மாதங்களுக்குள், ஐரோப்பிய மனித உரிமைச் சாசனத்தின் 3ஆம் உறுப்புரையை மீறியிருக்கக்கூடிய 19 சம்பவங்களுக்கு நம்பத்தகுந்த சான்று உண்டு என்கிறது அது.

பலர் நினைவில் வைத்திருப்பது அந்த 19ஐ. என்னை நிறுத்தியது ஒரு பூச்சியம்.

தடுப்பு நிலைய விதிகளில் 35ஆவது விதி, மூன்று நிலைமைகளில் மருத்துவர் அறிக்கை எழுதவேண்டும் என்கிறது: தொடர்ந்து தடுத்துவைப்பது உடல்நலத்தைக் கெடுக்குமென்றால், தற்கொலை எண்ணம் இருப்பதாகச் சந்தேகித்தால், சித்திரவதைக்கு உள்ளானவராக இருக்கலாம் என்று கருதினால். அது உள்துறை அமைச்சுக்குப் போகும். ஆளை விடுவதா என்று அவர்கள் மறுபடி யோசிக்கவேண்டும். அந்த ஐந்து மாதங்களில் இரண்டாவது வகை அறிக்கை ஒன்றுகூட எழுதப்படவில்லை. அதேவேளை, தற்கொலை அபாயம் உள்ளவர்கள் என்று காவலர் கண்காணிப்பில் ஆட்கள் இருந்தார்கள். பார்த்துக்கொண்டிருந்தார்கள், எழுதவில்லை.

என் தொழில் மென்பொருள். பிழைப்பதிவேடு காலியாக இருந்தால் நாங்கள் நிம்மதி அடைவதில்லை. பதிவுசெய்யும் பகுதியே நின்றுவிட்டதா என்று தேடுவோம். ஈவ்ஸும் அந்தப் பூச்சியத்தைப் பாதுகாப்பு ஏற்பாட்டின் தோல்வியாகவே வாசிக்கிறார். இந்த அறிக்கையின் பெரிய பலம் அதுதான்.

வாசித்து முடித்தபோது பழைய தொலைபேசி அழைப்பொன்று நினைவுக்கு வந்தது. வேறொரு தடுப்பு நிலையத்தில் இருந்த ஈழத்தவர் ஒருவருக்காக, தாதி கேட்பதை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். "ஒண்டுமில்லைத் தம்பி, நித்திரைதான் வாறேல்லை. கண்ணை மூடினா அங்கதான் நிக்கிறன்" என்றார். நித்திரை வருவதில்லை என்று சொன்னேன். 'அங்க' என்பதை 'அங்கே' என்றே சொன்னேன். எங்கே என்று தாதி கேட்கவில்லை. எனக்குத் தெரியும், நானும் சொல்லவில்லை. மொழிபெயர்ப்பவன் கூட்டிச் சொல்லக்கூடாது என்பது அன்றைக்கு எனக்கு வசதியாக இருந்தது.

28 நாளுக்குமேல் யாரையும் தடுத்துவைக்கக்கூடாது என்ற ஈவ்ஸின் பரிந்துரையை அரசு ஏற்கவில்லை. அதனால் இன்றும் உள்ளே இருப்பவருக்கு அந்தப் படிவம் முக்கியம். அதை எழுதவேண்டியவர் மருத்துவர். ஆனால் அவர் காதுக்கு ஒரு சொல் போய்ச்சேர இடையில் எத்தனை பேர் நிற்கிறோம் என்பதை அறிந்துகொள்ளவாவது இந்த அறிக்கையை நம்மவர்கள் வாசிக்கவேண்டும்.