என் இனிய இயந்திரா: நாவலிலிருந்து தொலைக்காட்சித் தொடருக்கு

என் இனிய இயந்திரா, எழுத்தாளர் சுஜாதா ஆனந்த விகடன் இதழில் 1980களில் தொடராக எழுதிய அறிவியல் புனைகதை நாவல். தமிழில் இவ்வகையில் மிக அதிகமாக வாசிக்கப்பட்ட நூல்களில் ஒன்று. இதன் தொடர்ச்சியாக மீண்டும் ஜீனோ வெளிவந்தது. 1990களில் சென்னைத் தூர்தர்ஷன் இந்நாவலைத் தொடராக ஒளிபரப்பியது. ஆனந்த், சிவரஞ்சனி ஆகியோர் அதில் நடித்தனர். தமிழ் அறிவியல் புனைகதை ஒன்று தொலைக்காட்சித் தொடரான முன்னோடி முயற்சி அது. பார்த்தவர்களின் நினைவில் தங்கியது பெரும்பாலும் ஜீனோ என்ற இயந்திர நாய்தான். நாவல் எதைப் பற்றியது என்று கேட்டாலும் பலர் நாயைப் பற்றித்தான் சொல்கிறார்கள். ஆனால் நாவல் நாயைப் பற்றியது அல்ல.

கதை 2021-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. ஜீவா என்ற தலைவனின் ஆட்சி. குழந்தை பெற அரசின் அனுமதி வேண்டும், முதுமைக்கும் கணக்கு உண்டு, பெயர்கள் இரண்டெழுத்தைத் தாண்டக்கூடாது. நிலாவின் கணவன் சிபி காணாமல் போகிறான். அவள் வீட்டுக்குக் குடிவரும் ரவி ஒரு நாயைக் கூட்டி வருகிறான். அதுதான் ஜீனோ. ரவியும் அவன் நண்பன் மனோவும் ஜீவாவைக் கொல்லத் திட்டமிடுவதாகச் சொல்லி நிலாவை இழுத்துக்கொள்கிறார்கள். இறுதியில் ஜீவா என்ற மனிதனே இல்லை, அவன் ஒளியால் உண்டாக்கிய ஹோலோகிராம் பிம்பம் என்று தெரியவருகிறது. மக்களை ஆண்டது ஒரு படம். படத்தை இயக்கியவர்கள் திரைக்குப் பின்னால் இருந்தார்கள்.

குழந்தைக்கு அனுமதிச் சீட்டு என்ற கற்பனையை 1975-77 நெருக்கடி நிலைக் காலத்தை மறந்துவிட்டு வாசிக்க முடியாது. கட்டாயக் கருத்தடை என்பது அந்நாவலின் முதல் வாசகர்களுக்குப் பத்தாண்டுகள்கூடப் பழையதாகாத செய்தி. சுஜாதா அதை நேரடியாகச் சொல்லவில்லை, எதிர்காலத்துக்குத் தள்ளி வைத்தார். வார இதழில் அப்படித்தான் சொல்ல முடியும் என்பதும், அப்படிச் சொன்னதால்தான் நாவல் இன்னும் பழசாகவில்லை என்பதும் இரண்டுமே உண்மை.

இரண்டெழுத்துப் பெயர்

நாவலின் சட்டங்களில் சின்னதாகத் தெரிவது பெயர்ச் சட்டம். காவிரிப் படுகையில் வைத்துப் பார்த்தால்தான் அதன் கொடுமை புரியும். செம்மங்குடி சீனிவாச ஐயர், திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை, வலங்கைமான் சண்முகசுந்தரம் பிள்ளை: இங்கே மனிதனின் பெயருக்கு முன்னால் ஊர் வந்து நிற்கும். சில நேரம் ஊர்ப்பெயர் மட்டுமே மிஞ்சி ஆள் பெயர் உதிர்ந்துவிடும். இரண்டெழுத்தில் ஊரும் இல்லை, தாத்தாவும் இல்லை, சாமியும் இல்லை. திருவரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்த ரங்கராஜன் என்பவர்தான் சுஜாதா. அந்தப் பெயரில் ஊர்க்கோயிலின் தெய்வமே இருக்கிறது. அவர் புனைபெயராக எடுத்துக்கொண்டது மனைவியின் பெயரை. அதுவும் மூன்றெழுத்து, ஜீவாவின் சட்டப்படி செல்லாது.

ஸ்ரீரங்கத்து தேவதைகள் கதைகளில் தெருவையும் திண்ணையையும் அவ்வளவு நுணுக்கமாக எழுதியவர், எதிர்காலத்தை எழுதும்போது ஊரையே எடுத்துவிட்டார். என் இனிய இயந்திராவின் உலகம் எந்த மண்ணிலும் ஒட்டாத நகரம். இதை நாவலின் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. ஊர்களை அழித்த ஆட்சியைப் பற்றிய கதையில் ஊர் தெரியாமல் இருப்பது பொருத்தம்தான். ஆனால் திரைக்குக் கொண்டுவருபவருக்கு அது பெரிய தலைவலி. எழுத்தில் "2021" என்று ஒரு எண் போதும். காமிராவின் முன்னால் ஏதாவது ஒரு சுவர், ஒரு தெரு, ஒரு நாற்காலி இருந்தாக வேண்டும்.

அரசுத் திரையில் அரசனின் பிம்பம்

நாவலில் வீட்டுக்குள் இருக்கும் திரைக்கு விவி என்று பெயர். அரசு அதன் வழியாகப் பேசுகிறது. அந்தக் கதையை ஒளிபரப்பியது அரசின் தொலைக்காட்சி. சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்று, நெருக்கடி நிலை நடப்பில் இருந்தபோது தொடங்கப்பட்டது. சன் தொலைக்காட்சி 1993 ஏப்ரலில்தான் வந்தது. அதன் பிறகும் கேபிள் எட்டாத ஊர்களில் வேறு திரை கிடையாது. கீழத் தஞ்சையின் கடலோர ஊர்களில் உயரமான கம்பத்தில் ஆன்டெனா கட்டி இலங்கையின் ரூபவாஹினியைப் பிடித்துப் பார்த்தவர்கள் இருந்தார்கள். மற்றவர்களுக்குப் பஞ்சாயத்து அறையில் இருந்த ஒரே பெட்டி, ஒரே அலைவரிசை. திரையில் தெரியும் தலைவன் வெறும் பிம்பம் என்று அதே திரை சொல்வதைவிட நல்ல தற்செயல் அமைய முடியாது.

பிரிட்டனில் இதற்கு ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. ஜார்ஜ் ஆர்வெல்லின் 1984 நாவலை 1954 டிசம்பரில் பி.பி.சி. தொலைக்காட்சி நாடகமாக்கியபோது நாடாளுமன்றத்தில் விவாதிக்கும் அளவுக்குச் சலசலப்பு எழுந்தது. மக்கள் பயந்தார்கள், கோபப்பட்டார்கள். அந்த நாடகம் நாவலின் அச்சத்தைக் குறைக்கவில்லை. என் இனிய இயந்திராவுக்கு அப்படி ஒரு சலசலப்பு எழவில்லை. நாயை முன்னால் நிறுத்திப் பார்த்தவர்களுக்கு அது குழந்தைகளும் பெரியவர்களும் சேர்ந்து பார்க்கும் விந்தைக் கதையாகவே தங்கிவிட்டது. அதற்குத் தொடரை மட்டும் குறை சொல்ல முடியாது. விகடன் வாசகர்களிலும் பாதிப் பேர் அப்படித்தான் வாசித்தார்கள்.

ஜீவா பிம்பம் என்று வெளிப்படும் இடத்தில்தான் எழுத்துக்கும் திரைக்கும் உள்ள வேறுபாடு கூர்மையாகத் தெரிகிறது. வாசகர் ஜீவாவைத் தாமே கற்பனையில் உண்டாக்கிக்கொள்கிறார். கடைசியில் அவன் இல்லை என்றதும் ஏமாந்தது தம்முடைய கற்பனைதான் என்று உணர்கிறார். நாட்டு மக்கள் ஏமாந்த அதே விதத்தில் அவரும் ஏமாந்திருக்கிறார். திரையிலோ ஜீவாவாக ஒரு நடிகர் சதையோடும் குரலோடும் நிற்கிறார். அவரைப் பிம்பம் என்று அறிவித்தால் பார்வையாளருக்கு அது ஒரு தந்திரக் காட்சி மட்டுமே. ஏனென்றால் ரவியும் நிலாவும்கூட அவருக்குப் பிம்பங்கள்தான். இந்த முடிச்சை அவிழ்க்க வழி இல்லாமல் இல்லை. ஜீவாவைக் கதைக்குள் இருக்கும் திரைகளில் மட்டும் காட்டுவது, எந்த அறையிலும் இன்னொரு மனிதரோடு சேர்த்து நிறுத்தாமல் இருப்பது. கவனித்தவருக்கு மட்டும் முன்பே சந்தேகம் வரும். இனி யாராவது இந்நாவலை மறுபடி எடுத்தால் முதலில் தீர்க்க வேண்டிய காட்சி இதுதான், நாய் அல்ல.

ஜீனோவின் குரல்

இருந்தாலும் நாயை விட்டுவிட முடியாது. ஜீனோ புத்தகம் படிக்கும், கிண்டல் செய்யும், அறிவியலை விளக்கும். வாசகருக்குச் சொல்ல வேண்டிய தகவல்களைச் சுஜாதா அதன் வாயில் வைத்துவிடுவதால் பாடம் நடத்தும் வாடை வருவதில்லை. எழுத்தில் ஜீனோவுக்கு உருவம் குறைவு, குரல் அதிகம். திரையில் இது தலைகீழாகிறது. உருவம் முதலில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அது பொம்மையாகத் தெரிந்தால் கிண்டல் எடுபடாது. அச்சு அசலாக நாயாகத் தெரிந்தால் இயந்திரம் என்பது மறந்துபோகும்.

டக்ளஸ் ஆடம்ஸின் தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு தி கேலக்ஸி 1978-இல் முதலில் வானொலித் தொடராகவே வந்தது. நாவலும் 1981-இன் தொலைக்காட்சித் தொடரும் பிறகு வந்தவை. மார்வின் என்ற சோக இயந்திரத்தை மக்கள் குரலாகத்தான் முதலில் அறிந்தார்கள். ஜீனோவுக்கும் பொருத்தமான இடம் வானொலியாக இருந்திருக்கலாம். அதிலும் திருச்சி வானொலி. 1960களில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் தஞ்சை விவசாயிகளிடையே பரவியதில் அவ்வானொலியின் பங்கு அவ்வளவு பெரியது. மக்கள் அந்த ரகத்துக்கே ரேடியோ நெல் என்று பெயர் வைத்தார்கள். பெட்டிக்குள்ளிருந்து வரும் குரல் சொன்னதை நம்பி விதையை மாற்றிய படுகை இது. பேசும் இயந்திரத்தை நம்புவது இங்கே விஞ்ஞானக் கற்பனை அல்ல, பழைய அனுபவம்.

இடமாற்றம்

சுஜாதாவின் கதைகள் திரைக்குப் போகும்போது இடம் மாறுவது புதிதல்ல. பிரியா நாவலின் லண்டன், 1978-இல் வந்த படத்தில் சிங்கப்பூரானது. அதில் பெரிய நஷ்டம் இல்லை, அயல்நாடு ஒன்று தேவைப்பட்டது, அவ்வளவுதான். சீன எழுத்தாளர் லியூ சிக்சினின் முப்பொருள் சிக்கல் நாவலுக்கு நடந்தது வேறு. 2023-இல் சீனாவின் டென்சென்ட் நிறுவனம் நாவலை ஒட்டி 30 பகுதிகளாக எடுத்தது. 2024-இல் நெட்ஃபிளிக்ஸ் 8 பகுதிகளாகச் சுருக்கி, தற்காலக் கதையின் பெரும்பகுதியை இங்கிலாந்துக்கு நகர்த்தியது. முதலாவது பொறுமையைச் சோதிக்கிறது. இரண்டாவது விறுவிறுப்பாக இருக்கிறது, ஆனால் ஒரு நாட்டின் காயத்திலிருந்து எழுந்த கதை அங்கே யாருக்கும் நடக்கக்கூடிய கதையாக மாறிவிடுகிறது.

என் இனிய இயந்திராவுக்கு எதிர்த் திசையில் ஒரு இடமாற்றம் தேவைப்படுகிறது. இல்லாத ஊரை அதற்குக் கொடுக்க வேண்டும். நாவல் குறிப்பிட்ட ஆண்டுகள் இப்போது கடந்துவிட்டன. அந்த ஆண்டுகளில் தஞ்சைப் படுகையில் நடந்தவை சுஜாதா எழுதாதவை. 2020 பிப்ரவரியில் படுகையின் மாவட்டங்களைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. 2021 ஜூன் 12 அன்று குறுவைக்காக மேட்டூர் அணை திறக்கப்பட்டது. வயலுக்கு வந்த இயந்திரம் பேசவில்லை. அது மணிக்கணக்கில் வாடகைக்கு வரும் அறுவடை இயந்திரம். ஈர வயலுக்குச் செயின் வண்டி, காய்ந்த வயலுக்கு டயர் வண்டி. கதிர் அறுத்துக் களத்தில் நெல்லைக் கூலியாக வாங்கிய பெண்களின் வேலையை அது எடுத்துக்கொண்டது. இனிய இயந்திரமா என்று நில உரிமையாளரைக் கேட்டால் ஒரு பதில் வரும், அந்தப் பெண்களைக் கேட்டால் வேறு பதில் வரும். ஆட்சியை மனிதர்களின் எண்ணிக்கையாகப் பார்த்த நாவலில் இந்தக் கேள்விக்கு இடம் இருந்தது. ஆனால் எழுதப்படவில்லை.

அனுமதிச் சீட்டுக்குக் காத்திருக்கும் நிலாவைப் பழைய கல்நார்க் கூரைக் கிட்டங்கி ஒன்றின் வாசலில், நெல் மூட்டைகளுக்கு நடுவே நிறுத்தினாலே போதும். கண்ணாடிக் கட்டடங்களும் நீல விளக்குகளும் வேண்டாம். செலவும் குறையும். எதிர்காலத்தைப் பளபளப்பாகக் காட்ட முயன்று பணம் போதாமல் சிரிப்புக்கு இடமாவது தமிழ்த் திரையில் அடிக்கடி நடப்பது.

தொடரின் நீளம் பற்றியும் ஒன்று சொல்லலாம். வாரம் ஒரு அத்தியாயம், ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு திடுக்கிடல் என்று எழுதப்பட்ட நாவல் வாராந்திரப் பகுதிகளாகப் பிரிவதற்குத் தானே இணங்கும். இரண்டரை மணி நேரத் திரைப்படத்தில் அது அடங்காது. 2010-இல் வந்த எந்திரனில் சுஜாதாவின் பங்களிப்பு உண்டு. உணர்வு கொள்ளும் இயந்திரம் என்ற கருவில் மீண்டும் ஜீனோவின் சாயலைக் காணலாம். அங்கே அரசும் இல்லை, அனுமதிச் சீட்டும் இல்லை. ஒரு விஞ்ஞானி, ஒரு காதலி, ஒரு இயந்திரம்.

முதல் நாவலோடு நிறுத்திக்கொள்ளும் எந்தத் தொடரும் பாதியில் நிற்கும். ஜீவாவின் பிம்பம் கலைந்ததும் மக்கள் விடுதலை பெறவில்லை. அந்த இடத்தில் நிலாவை அரசியாக உட்கார வைக்கிறார்கள், இயக்குபவர்கள் மீண்டும் பின்னால் நிற்கிறார்கள். மீண்டும் ஜீனோ அங்கிருந்துதான் தொடங்குகிறது. பிம்பத்துக்குப் பதிலாக இப்போது உண்மையான ஒரு பெண், ரத்தமும் சதையுமாக, அதே நாற்காலியில். அவளுக்கு உண்மையைச் சொல்ல அந்த அரண்மனையில் ஒரு நாயைத் தவிர யாரும் இல்லை.