230 எஸ்எல்லின் இன்ஜெக்‌ஷன் பம்ப்: பிரித்துப் பூட்டி ஓட்டிப் பார்த்தது

மெர்சிடிஸ் 230 எஸ்எல்லின் பானட்டைத் திறந்தால், தலையிலிருந்து ஆறு இரும்புக் குழாய்கள் கிளம்பும் கனத்த பெட்டி ஒன்று இன்ஜினின் பக்கவாட்டில் தெரியும். அதுதான் பாஷ் நிறுவனத்தின் ஆறு பிளஞ்சர் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் பம்ப். கார் வந்தது 1963-ல். கார்புரேட்டர் கிடையாது, மின்னணுப் பெட்டியும் கிடையாது. எந்த வேகத்தில் எவ்வளவு பெட்ரோல் என்ற கணக்கு முழுவதையும் இரும்பே போடுகிறது.

நம் ஊர் பம்ப் நாசில் கடைகளில் லாரி பம்பைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இதன் உள்ளே பாதி பழக்கப்பட்டதுதான். பிளஞ்சர் மேலே போகும் தூரம் எப்போதும் ஒன்றே. அதன் உடம்பில் வெட்டியிருக்கும் சாய்வான விளிம்புதான் அளவை முடிவு செய்கிறது. ரேக் என்ற நீளத் தண்டு நகர்ந்தால் ஆறு பிளஞ்சர்களும் ஒன்றாகத் திரும்பும். பிளஞ்சர் ஓடும் பேரலின் துவாரத்தை விளிம்பு திறக்கும் நேரம் மாறும். போகும் பெட்ரோல் கூடும் அல்லது குறையும்.

மீதிப் பாதியில்தான் இந்தப் பம்பின் அழகு இருக்கிறது. கவர்னர் பக்கம் கூம்பு மாதிரி ஒரு கேம். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அது திரும்பும். இன்ஜின் வேகம் ஏறினால் கவர்னர் எடைகள் அதை நீளவாக்கில் நகர்த்தும். மேலே உருளும் ஒரு சிறு ரோலர், அந்தந்த இடத்தின் மேடுபள்ளத்தைப் படித்து ரேக்குக்குச் சொல்லும். அந்த வளைவு முழுவதும் இந்த இன்ஜினுக்கென்றே கடைந்தது. காற்றழுத்தம் குறைந்தால் பெட்ரோலைக் குறைக்க ஒரு காப்ஸ்யூல், கூலன்ட் சூடாகும்வரை கூட்டித் தர ஒரு தெர்மோஸ்டாட் என இன்னும் இரண்டு கைகள் அதே ரேக்கைத் தொடுகின்றன. வந்த வருடமே லீஜ்–சோஃபியா–லீஜ் ராலியை ஆய்கன் போரிங்கர் ஒரு 230 எஸ்எல்லில் வென்றார் என்றால், அந்தத் தூரத்தில் இந்த இரும்புக் கணக்கு எப்படித் தாங்கியது என்பதையும் யோசிக்க வேண்டும்.

எனக்குக் கிடைத்தது, ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு நண்பரின் ஷெட்டில் பல வருடம் நின்ற வண்டி. டாங்கில் விட்ட பெட்ரோல் பிசினாகியிருந்தது. ஒரே ஒரு பிளஞ்சர் பேரலில் ஒட்டிக்கொண்டால் போதும், ரேக் அசையாது. இதில் அதுதான் நடந்திருந்தது. பம்புக்குத் தனி ஆயில், தனி டிப்ஸ்டிக் உண்டு. அதை உருவி மோந்தால் பெட்ரோல் வாடை தூக்கியடித்தது. டீசல் தன் பிளஞ்சருக்குத் தானே வழுவழுப்புத் தரும், பெட்ரோல் தராது. தேய்ந்த இடைவெளி வழியாகக் கீழே கசிந்து ஆயிலையும் நீர்க்கச் செய்துவிடும்.

அனுபவமுள்ள ஒரு பட்டறையில் பம்பைப் பிரித்தார்கள். பிளஞ்சரும் பேரலும் சேர்த்தே தேய்த்துப் பொருத்தப்பட்ட ஜோடி. மாற்றிப் போடவே கூடாது. கழுவிய பிளஞ்சர் ஒன்றை எடுத்து, அதன் பேரலில் பாதி செருகி, செங்குத்தாகப் பிடித்துக் கையை விட்டார் மெக்கானிக். சத்தமில்லாமல், நிதானமாக, தன் எடையிலேயே இறங்கியது. ஒட்டியிருந்த ஜோடியோ நடுவில் நின்றது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது சாய்வு விளிம்பையொட்டி மங்கலாக ஒரு கோடு. அந்த ஜோடியை மாற்றினார்கள்.

சீல் மாற்றி, வெளியே பளபளப்பாக்கி, 'ரீபில்ட்' என்று விற்பவர்கள் உண்டு. என் கணக்கில் அது ரீபில்ட் ஆகாது. இந்தப் பம்புக்கு உயிர் கொடுப்பது டெஸ்ட் பெஞ்ச்தான். குறித்த வேகங்களில் சுழற்றி, ஆறு குழாய்களிலும் விழும் அளவைக் கண்ணாடிக் குவளைகளில் பிடித்து, ஆறும் சமமாகும்வரை பிளஞ்சர்களைத் திருப்பும் ஸ்லீவ்களை இம்மி இம்மியாகத் திருப்புகிறார்கள். கவர்னரும் கேமும் அதற்குப் பிறகுதான். வேலைக்குச் சில ஆயிரம் யூரோ ஆகும். பெஞ்ச் நேரத்தைப் பார்த்த பிறகு அதை அதிகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பம்பை இன்ஜினில் ஏற்றும்போது முதல் சிலிண்டரின் பிஸ்டன் மேல் உச்சியைத் தாண்டி 20 டிகிரியில், இன்டேக் ஸ்ட்ரோக்கில் நிற்க வேண்டும். அது தவறினால் எந்த டியூனிங்கும் கைகொடுக்காது. கூடவே ஆக்ஸிலரேட்டர் ராடுகளின் பந்து மூட்டுகளையும் பாருங்கள். அங்கே ஆட்டம் இருந்தால் த்ராட்டிலும் பம்பும் வேறுவேறு கதை பேசும், பழியோ பம்பின் தலையில் விழும்.

காலையில் சாவி திருப்பியதும் பிடித்துக்கொண்டது. ஐடிலில் பழைய நடுக்கம் இல்லை. ஸ்வாபியன் ஆல்ப் மேட்டில் மூன்றாவது கியரில் மிதித்தேன். தயக்கமோ கறுப்புப் புகையோ இல்லாமல் 2.3 லிட்டர் இன்ஜின் ஒரே இழுப்பாக இழுத்தது. கால் அசைந்த கணமே பதில் வருகிறது. இந்தக் கூர்மைக்காகத்தான், பம்பைக் கழற்றி எறிந்துவிட்டு கார்புரேட்டர் மாட்டச் சொல்லும் யோசனையை நான் அடியோடு மறுக்கிறேன்.

குறை இல்லாமல் இல்லை. இன்ஜின் பாதிச் சூட்டில் இருக்கும்போது லேசாக முரண்டு பிடித்தது. சூடேறும்வரை காற்று தரும் வால்வில் அழுக்கு. அதைத் தனியாகக் கழற்றிச் சுத்தம் செய்த பிறகே சரியானது. ஐடில் கலவைக்குப் பம்பின் பின்னால் ஒரு குமிழ் இருக்கிறது. இன்ஜினை நிறுத்திவிட்டுத்தான் அதை அழுத்தித் திருப்ப வேண்டும். ஓடும்போது தொட்டால் உள்ளே சேதமாகும்.

வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தப்போகிறவர்கள் எத்தனால் குறைந்த பெட்ரோலைப் போடுங்கள், அவ்வப்போது ஓட்டுங்கள். பம்பைக் கொடுக்கும் முன், பெஞ்ச் அளவுத் தாளை எழுத்தில் தருவார்களா என்று பட்டறையில் கேளுங்கள். தர மறுத்தால் பம்பைக் கையோடு எடுத்துக்கொண்டு வேறு இடம் பாருங்கள்.