யேசுவின் முகமும் எழுதுவோர் முகமும்

வரலாற்று யேசுவைப் பற்றிய ஆங்கில நூல்கள் பதுளையிலும் பண்டாரவளையிலும் ஆசிரியர் சிலரது கைகளிலும் உயர்வகுப்பு மாணவரது கைகளிலும் உலவுகின்றன. வரவேற்கத்தக்கதே. ஆயினும் நம்மவர் அவற்றைப் படிக்கும் முறையில் எனக்கு மனக்குறை உண்டு.

தமக்கு முன் எழுதப்பெற்ற யேசு வரலாறுகளை ஒருங்கே ஆராய்ந்த அல்பேட் சுவைற்சர், ஒவ்வொரு காலமும் தன் கொள்கையையே யேசுவிற் கண்டதென 1906இல் நிறுவினார். 1863இல் ரெனான் வரைந்த யேசு கலிலேயாவின் இயற்கையெழிலிலே திளைத்த இனிய கனவாளர். பாரிஸ் வரவேற்பறைக்கு ஏற்றவர். ஹொல்கர் கேர்ஸ்ரனின் 1983ஆம் ஆண்டு நூலோ யேசுவைக் காஷ்மீரத்தில் வாழவைத்து, அங்கேயே அடக்கமுஞ் செய்கிறது. கீழைத்தேயப் பெருமை பேசுவோருக்கு இது தேனாக இனிக்கிறது. ஆனால் இக்கதைக்கு வேராகிய நொத்தோவிச்சின் ஏட்டுச்சுவடியை, அவர் நூல் வெளிவந்த மறு ஆண்டே, ஹெமிஸ் மடத்தின் தலைவர் மறுத்துவிட்டார். அதற்குமேல் இதற்கு இடமளிக்க வேண்டியதில்லை.

றெசா அஸ்லானின் நூல் (2013) வேறு தரத்தது. உரோம ஆட்சியின் சுரண்டல், ஆலயக் குருமாரின் செல்வம், அரசெதிர்ப்பாளருக்கென உரோமர் வைத்திருந்த சிலுவை ஆகியவற்றை அது கண்முன் நிறுத்துகிறது. எனினும் ‘செலோத்தர்’ என்னும் கட்சி யேசு இறந்து ஒரு தலைமுறை கழிந்த பின்னரே தோன்றிற்று. நூலாசிரியர் இதனை ஒப்புகிறார். நூலின் தலைப்பு ஒப்பவில்லை.

நம்மவரும் தப்பவில்லை. 1908இல் கார்ல் கவுட்ஸ்கி முதற் கிறித்தவரிடையே பாட்டாளிகளின் பொதுவுடைமையைக் கண்டார். அது உற்பத்தியிலன்றி நுகர்விலே அமைந்த பொதுமை என அவரே வரையறுத்ததை, அவரை மேற்கோள் காட்டும் தோழர்கள் வசதியாக மறந்துவிடுகின்றனர்.

மலைநாட்டுக்கு வந்த யேசுவின் கதையும் இத்தகையதே. 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனுக்குக் கோப்பித்தோட்டத் துரைமார் பொருளுதவி செய்தனர். அப்பணத்தில் ஊதியம் பெற்ற உபதேசியார் லயங்களிலே கூலியுயர்வைப் பற்றிப் பேசியிருப்பாரென எவரும் எதிர்பார்க்கமாட்டார்.

இவ்வெழுத்தாளருள் குறொசனே நமக்கு நெருங்கியவர். தச்சன் என்பது குடியானவனுக்கும் கீழ்ப்பட்ட நிலை, நிலமற்றவனின் நிலை, என அவர் காட்டுகிறார். அதனை மனத்திற்கொண்டு, மத்தேயு 20ஆம் அதிகாரத்து உவமையை உயர்வகுப்பு மாணவருடன் படித்தேன். தமிழ் விவிலியத்திலே அது ‘திராட்சத்தோட்டம்’. தோட்டம் என்பது எம் மாணவரின் வீட்டு முகவரியிலேயே உள்ள சொல். அந்தி சாயும் வேளையில் வந்தவருக்கும் விடியலில் வந்தவருக்கும் ஒரே கூலி என்றதும், லயத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி கேட்டாள்: “சேர், கடைசியா வந்தவங்களுக்கும் முழுப்பேரா போட்டாங்க?”

தோட்டத்திலே ‘பேர்’ என்றால் ஒருநாட் கூலி. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவென அரசு நிர்ணயித்தபின், குறித்த நிறைக்குக் கொழுந்து பறிக்காதவர்களுக்கு அரைப்பேர் போடுவது பெருஞ் சச்சரவாயிற்று. அவ்வீடுகளிலிருந்து வருபவளுக்கு இவ்வுவமையின் வியப்பு எவ்வளவென்பதை எந்தப் பேராசிரியரும் விளக்கவேண்டியதில்லை.

வில்லியம் ஹேர்சொக் 1994இல் இதற்கு வேறு பொருள் உரைத்தார். அவ்வெஜமானன் கடவுளல்லன், உண்மையான நிலக்கிழான். பிந்தி வந்தவருக்கு முதலிற் கொடுத்துத் தொழிலாளரை ஒருவரோடொருவர் மோதவிடுகிறான் என்பது அவர் வாதம். சந்தைவெளியில் நாள்முழுதும் வேலையின்றி நின்றவர்கள் நிலத்தை இழந்தது எவ்வாறென்ற கேள்வியை அவர் எழுப்புவது சிறப்பு. ஆனால் பசித்தவனுக்குக் கிடைத்த முழுக்கூலியையே சூழ்ச்சியென்பது எனக்கு மிகையாகத் தோன்றுகிறது.

இதை நான் வகுப்பிற் சொன்னபோது பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான். “அப்படிக் குடுத்தா நாளைக்கு யாரு சேர் விடியக்காலப் பெரட்டுக்கு வருவாங்க?” அவனுடைய தந்தையார் கணக்கப்பிள்ளை. “வராட்டி என்ன, வேலை குடுக்காம நிறுத்தி வச்சது யாரு?” என்றாள் அந்த மாணவி. மணியடித்த பின்னும் இருவரும் வாசலில் நின்று வழக்காடிக்கொண்டிருந்தனர்.